சனிக்கிழமைகளைத் தின்ற ரிப்போர்ட்

எட்டு சனிக்கிழமைகளைக் காணவில்லை.

காலேப் தன் லேப்டாப்பைத் திருப்பி, மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த ஃபராவிடம் காட்டினான். திரையில் ஓர் அட்டவணை. இடது ஓரத்தில் வாரங்கள். மேலே திங்கள் முதல் சனி வரை கிழமைகள். கட்டங்கள் நிறையப் பச்சை டிக். கடைசிப் பத்தி மட்டும் மேலிருந்து கீழே ஒரே சிவப்பு. நடுவில் ஒரு செவ்வாய்க்கிழமையும் சிவப்பாக இருந்தது.

"மெட்டில்டாக்காவோட ரிப்போர்ட் இது. ஹோம் நர்ஸ். ஜூன் ரெண்டாவது வாரத்துலேர்ந்து ஒரு சனிக்கிழமைகூட அவங்க பேஷன்ட் வீட்டுக்குப் போகலைன்னு சொல்லுது."

"அவங்க என்ன சொல்றாங்க?"

"ஒரு சனிக்கிழமைகூடத் தவறினதில்லைன்னு சொல்றாங்க."

"நடுவுல ஒரு செவ்வாய்?"

"அது லீவு. காய்ச்சல்னு ஒரு நாள் போகலை. அதை அவங்களே ஒத்துக்கிட்டாங்க."

"சரி. நீங்க யாரை நம்பறீங்க?"

மூன்று நாளாகக் காலேபைத் தூங்கவிடாத கேள்வி அதுதான். மெட்டில்டாவை அவனுக்கு நான்கு வருடமாகத் தெரியும். அவள் பொய் சொல்லி அவன் பார்த்ததில்லை. ரிப்போர்ட்டை எழுதியவனும் அவன்தான். அது பொய் சொல்லியும் அவன் பார்த்ததில்லை.

மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலையில், ஒரு செல்போன் ரிப்பேர் கடையின் மாடியில் இருந்தது ஃபராவின் அறை. பத்து வருடம் ஐ.டி. கம்பெனிகளில் டெஸ்டிங் வேலை பார்த்துவிட்டு, யாரிடமும் கைகட்டி நிற்க முடியாமல் வெளியே வந்தவள். இப்போது ஆப்களிலும் டேட்டாவிலும் வரும் மர்மக் கோளாறுகளைத் துப்புத் துலக்குவது அவள் தொழில். வாசலில் 'பிழை பிடித்துத் தரப்படும்' என்று ஒரு பலகை.

"அந்தப் பலகையப் பாத்துட்டு எலி புடிக்கச் சொல்லி ரெண்டு பேர் வந்தாங்க சார்," என்றபடி டீ கிளாஸ்களோடு மாடியேறி வந்தான் டெனிஸ். கீழே இருக்கும் ரிப்பேர் கடை அவனுடையது. கடை வைப்பதற்கு முன் ஆட்டோ ஓட்டினான். ஃபராவைவிடப் பத்து வயது மூத்தவன். ஆனாலும் அவளுக்கு அவன்தான் உதவியாளர். "இன்னா சார் இப்டி பேஜாரா குந்திகினு கீறீங்க? எட்டு சனிக்கிழமதான? எனக்கெல்லாம் வருசமே காணாம பூட்டுது."

"டெனிஸ் அண்ணா, கொஞ்சம் சும்மா இருங்க," என்றாள் ஃபரா. "காலேப், உங்க ஆப் எப்படி வேலை செய்யுது? எனக்கு ஒண்ணுமே தெரியாதுன்னு நெனச்சுச் சொல்லுங்க."

காலேப் சொன்னான். நர்ஸ் நோயாளியின் வீட்டு வாசலில் நின்று ஆப்பைத் திறந்து 'வந்துவிட்டேன்' பொத்தானை அழுத்த வேண்டும். ஆப் அந்த இடத்தையும் நேரத்தையும் குறித்து சர்வருக்கு அனுப்பும். போய்ச் சேர்ந்ததும் போனில் உள்ள பதிவு தானாக அழிந்துவிடும். நோயாளிகளின் விவரம் யார் போனிலும் தங்கக் கூடாது என்று அவனே வைத்த ஏற்பாடு. திங்கட்கிழமைதோறும் அவன் எழுதிய இன்னொரு புரோகிராம் சர்வரில் சேர்ந்த பதிவுகளை எடுத்து, வந்த நாளுக்குப் பச்சை, வராத நாளுக்குச் சிவப்பு என்று ரிப்போர்ட் போடும்.

"போன்ல அழிச்சிடறது நல்ல பழக்கம்," என்றாள் ஃபரா.

"அந்த நல்ல பழக்கம்தான் அக்காவோட ஒரே சாட்சியைக் கொன்னுடுச்சு."

"சர்வர்ல சனிக்கிழமை தேதி போட்டு நேரடியாத் தேடினீங்களா?"

"எட்டு தேதியும் போட்டுத் தேடிட்டேன். அவங்க பேர்ல ஒரு வரி இல்லை. மொத்தம் பன்னிரண்டு நர்ஸ். மத்த பதினோரு பேருக்கும் சனிக்கிழமை சரியா இருக்கு."

"ஜூன்ல என்ன மாறிச்சு?"

காலேப் தலை குனிந்தான். "நான்தான் மாத்தினேன். ஜூன் முதல் வாரம் ஆப்போட புது வெர்ஷன் விட்டேன். அதுலதான் ஏதோ தப்புன்னு மூணு நாளா ஒவ்வொரு வரியா உரிச்சுப் பார்த்துட்டேன். காலையில பத்து மணிக்கு உட்கார்ந்தா சாயங்காலம் வரைக்கும் அதே வேலை. போன்ல தேதியை சனிக்கிழமைக்கு மாத்தி வெச்சு அம்பது தடவை அழுத்திட்டேன். அம்பது தடவையும் பச்சை. எனக்கு இனிமே எங்க தேடறதுன்னே தெரியலை."

இன்று வெள்ளிக்கிழமை. மாலை நான்கு மணிக்குக் குரோம்பேட்டையில், ஹோம் நர்சிங் நிறுவனத்தின் முதலாளி சாலமன் முன்னால் விசாரணை. நான்கு மணிக்குள் அந்தச் சிவப்புக்கு விளக்கம் இல்லையென்றால் மெட்டில்டாவுக்கு வேலை போகும். அதோடு நிற்காது. பக்கவாதத்தில் படுத்திருக்கும் மனிதரை வாரம் ஒரு நாள் கவனிக்காமல் விட்டாள் என்று நர்சிங் கவுன்சிலுக்குப் புகார் போகும். அதன்பின் அவள் எங்கேயும் ஊசியைத் தொட முடியாது.

"சாலமன் சார் என்ன சொல்றார்?"

"மெஷினுக்கு அவ மேல என்ன பகைன்னு கேக்கறார். பல்லாவரத்துல சனிக்கிழமை உபவாச ஜெபம் நடக்கும், அக்கா அதுக்குப் போவாங்க. அதுக்காகத்தான் டியூட்டிக்கு மட்டம் போட்டுட்டாங்கன்னு முடிவே பண்ணிட்டார். ஜெபம் பத்து மணிக்குங்க. இவங்க டியூட்டி விடியக்காலை." காலேப் டீயைத் தொடவில்லை. "ரெண்டு வருஷத்துக்கு முன்னால இந்த ஆப்பை அவர்கிட்ட விக்கும்போது நான் ஒரு வார்த்தை சொன்னேன். 'மனுஷங்க மறப்பாங்க சார், இது மறக்காது'ன்னு. நேத்து அதே வார்த்தையை என்கிட்டயே திருப்பிச் சொல்றார்."

"அக்கா கீழதான் குந்திகினு கீறாங்க," என்றான் டெனிஸ். "என் கடையில ஒரு பழைய போனை வெறிச்சுப் பாத்துகினு. அது ஒடஞ்ச போனுன்னு சொல்லக்கூட மனசு வரல."

*

டெனிஸ் இன்னும் விற்காமல் வைத்திருந்த ஆட்டோவில் நால்வரும் பொழிச்சலூருக்குக் கிளம்பினார்கள். மெட்டில்டாவுக்கு ஐம்பது வயது இருக்கும். மடியில் ஒரு ரெக்சின் பையை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

"ஊரப்பாக்கத்துல வூட்டுலேர்ந்து நாலேகாலுக்கு ஸ்கூட்டிய எடுப்பேன் மேடம். நாலு அம்பதுக்கு அங்க இருப்பேன். வாசல்ல நின்னு பட்டனை அமுக்கிட்டுத்தான் கதவைத் திறப்பேன். அய்யாவுக்கு சுகர் பாத்து ஊசி, மூக்குக் குழாய்ல கஞ்சி, பொரட்டிப் படுக்க வெச்சு முதுகு தொடச்சு, ஆறு மணிக்குக் கெளம்புவேன்."

"சனிக்கிழமையும்?"

"சனிக்கிழமையும்." பையின் ஜிப்பைத் திறந்து மூடினாள். "மொதல்ல அடிச்சுச் சொன்னேன். நேத்து சாலமன் சார் அந்தச் செவப்பைக் காட்டினதுலேர்ந்து எனக்கே சந்தேகமா இருக்கு மேடம். ராத்திரி பூரா யோசிச்சேன். எல்லா நாளும் ஒரே மாதிரிதான இருக்கு? நான் நெசமாவே போனேனா, இல்ல போனதா நெனச்சுகிட்டேனா?"

காலேப் ஆட்டோவுக்கு வெளியே பார்த்தான். தான் எழுதிய நாற்பது வரிப் புரோகிராம் ஒரு மனுஷியின் ஞாபகத்தையே அரித்துவிட்டது. அதை நிறுத்த அவனுக்கு வழி தெரியவில்லை.

வீட்டு வாசலில் மெட்டில்டா இறங்கவில்லை. நேற்று மாலையே அவளை வேலையிலிருந்து நிறுத்தி வைத்துவிட்டார்கள். "அய்யாவுக்குக் காலைல கஞ்சி போச்சான்னு மட்டும் கேட்டுட்டு வாங்க தம்பி," என்றாள்.

கதவைத் திறந்த ஜெனிக்கு முப்பது வயது. விமான நிலையத்தின் கார்கோ பிரிவில் வேலை. நைட் ஷிஃப்ட் முடித்துத் தூங்காத கண்கள். அவள் அப்பா ஞானையா உள்ளறையில் கட்டிலில் படுத்திருந்தார். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். பதினான்கு மாதத்துக்கு முன் வந்த பக்கவாதம் பேச்சையும் வலது பக்கத்தையும் எடுத்துக்கொண்டு, ஒரு தலையாட்டலை மட்டும் விட்டுவைத்திருந்தது.

டெனிஸ் குனிந்தான். "அய்யா, மெட்டில்டா சிஸ்டர் சனிக்கிழமை வந்தாங்களா?"

ஞானையா ஆமென்று தலையாட்டினார்.

"மேடம், கேஸ் முடிஞ்சுது!"

ஃபரா கட்டிலருகே போனாள். "அய்யா, இந்த டெனிஸ் சனிக்கிழமை வந்தாரா?"

ஞானையா அதே கனிவோடு ஆமென்று தலையாட்டினார்.

"எதைக் கேட்டாலும் அப்படித்தான்," என்றாள் ஜெனி. "டாக்டர்கூட அவர் பதிலை வெச்சு எதையும் முடிவு பண்ணாதீங்கன்னு சொல்லிட்டார்." அவள் குரல் தணிந்தது. "எனக்கு மெட்டில்டா சிஸ்டர் மேல கோபமே இல்லை மேடம். அப்பா முதுகுல புண்ணு வந்திருக்கு. ஏன்னு கேக்கத்தான் சாலமன் சாருக்குப் போன் பண்ணேன். அவர் அன்னைக்குத்தான் ரிப்போர்ட்டைத் திறந்தே பார்த்தார். எட்டு சனிக்கிழமை ஆளே வரலைன்னு சொல்றார். நான் என்ன செய்யட்டும்? நான் வீட்டுல இல்லாதப்ப இவருக்கு என்ன நடக்குதுன்னு எனக்கு யார் சொல்லுவாங்க?"

"நீங்க எந்தெந்த நாள் காலையில வீட்டுல இருக்க மாட்டீங்க?"

"திங்கள்லேர்ந்து வெள்ளி வரைக்கும் நைட் டியூட்டி. அதனால செவ்வாய்லேர்ந்து சனி வரைக்கும் விடியக்காலைல இருக்க மாட்டேன். ஏழு மணிக்குத்தான் வருவேன். அவசரம்னா மாடியில வீட்டுக்காரங்க இருக்காங்க, அப்பா இடது கைக்குப் பக்கத்துல பெல் இருக்கு. திங்கட்கிழமை காலையில நான் இருப்பேன், சிஸ்டரை என் கண்ணால பார்ப்பேன். ஞாயிறு வேற நர்ஸ் வருவாங்க, ஹில்டான்னு."

"நைட் ஷிஃப்ட் எப்பலேர்ந்து?"

"ஜூன்லேர்ந்து. அதுக்கு முன்னால அப்பாவுக்கு விடியக்காலை கஞ்சி, ஊசியெல்லாம் நானே குடுத்துடுவேன். சிஸ்டர் ஏழு மணிக்குத்தான் வருவாங்க."

ஃபரா அதைக் குறித்துக்கொண்டாள். பிறகு கட்டிலுக்கு எதிர்ச் சுவரைப் பார்த்தாள். அங்கே ஒரு தினக் காலண்டர் தொங்கியது. தினம் ஒரு தாளாகக் கிழிக்கிற காலண்டர்.

"இன்னைக்கு வெள்ளிக்கிழமை," என்றாள் ஃபரா. "அதுல வியாழன் தொங்குது."

ஜெனி திரும்பிப் பார்த்தாள். "ஆமா. அதை சிஸ்டர்தான் கிழிப்பாங்க. வந்தவுடனே தாளைக் கிழிச்சு அப்பாகிட்ட தேதியைக் காட்டுவாங்க. அவர் ஸ்கூல்ல தினமும் கரும்பலகையில தேதி எழுதினவராச்சே, அதுக்காக. இன்னைக்கு வந்த புது ஆளுக்கு அதெல்லாம் தெரியாது. கஞ்சி குடுக்கவே ஏழரை ஆயிடுச்சு."

"நீங்க கிழிப்பீங்களா?"

"தொட்டதே இல்லை. ஹில்டா சிஸ்டரும் தொட மாட்டாங்க. ஞாயித்துக்கிழமை பூரா அங்க சனிக்கிழமை தாளே தொங்கும். எனக்கு எரிச்சலா வரும்."

ஃபரா காலண்டருக்கு அருகே போய் அந்த வியாழன் தாளின் ஓரத்தைத் தொட்டாள்.

"ஜெனி," என்றாள் ஃபரா மெதுவாக, "ஞாயித்துக்கிழமை சனிக்கிழமை தாள் தொங்கணும்னா, வெள்ளிக்கிழமை தாளைக் கிழிச்சது யாரு? எப்போ?"

ஜெனி அப்பாவைப் பார்த்தாள். எழுந்து போய்த் தாளைக் கிழிக்க அவரால் முடியாது. ஞானையா யாரும் எதுவும் கேட்காமலே ஆமென்று தலையாட்டினார்.

"அப்படின்னா... வந்திருக்காங்களா?" என்றாள் ஜெனி. "அப்ப ரிப்போர்ட் ஏன்...?"

எல்லோரும் காலேபைப் பார்த்தார்கள். பதில் சொல்ல வேண்டியவன் அவன்.

*

வெள்ளிக்கிழமைப் பல்லாவரம் சந்தையைத் தாண்டிப் போக நினைத்தது டெனிஸின் தவறு. பழைய நாற்காலி, செடித் தொட்டி, புறாக்கூண்டு என்று வாங்கிக்கொண்டு சாலையை அடைத்து நடந்த கூட்டத்தில் ஆட்டோ அசையாமல் நின்றது. மணி மூன்று பத்து.

"காலண்டரைச் சுவத்தோட பேத்து எடுத்தாந்து சாலமன் டேபிள்ல வெச்சுரலாம் மேடம்," என்றான் டெனிஸ்.

"ஏத்துக்க மாட்டார்," என்றான் காலேப். "நாளைக்கு ஜெனியே வந்து சாட்சி சொன்னாலும் ரிப்போர்ட்டைத்தான் தட்டிக் காட்டுவார். ரிப்போர்ட் ஏன் தப்புன்னு நான் சொல்லியாகணும். எனக்குத் தெரியலை. நான் எழுதினது எனக்கே புரியலை."

பத்தடி தள்ளி ஒருவர் பழைய தையல் மெஷினுக்கு விலை பேசிக்கொண்டிருந்தார். ஃபரா காலேபின் லேப்டாப்பை மடியில் வைத்து, அந்தச் சிவப்புச் சனிக்கிழமைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவள் விரல் நகர்ந்து, எல்லோரும் லீவு என்று தாண்டிப் போன அந்த ஒற்றைச் செவ்வாயில் நின்றது.

"மெட்டில்டா சிஸ்டர், காய்ச்சல்னு லீவு போட்டது எந்தக் கிழமை?"

"புதன்."

"செவ்வாய் இல்லையா?"

"புதன் மேடம். செவ்வாய்க்கிழமை போனேனே. போயிட்டு வந்தப்புறம்தான் ஒடம்பு கொதிச்சுது. மறுநாள் ஹில்டாவை ஏழு மணிக்குப் போகச் சொன்னேன்." ரெக்சின் பைக்குள் துழாவி நான்காக மடித்த ஒரு கிளினிக் சீட்டை எடுத்து நீட்டினாள். தேதி தெளிவாக இருந்தது. அந்த வாரத்துப் புதன்கிழமை.

ஃபரா திரையைப் பார்த்தாள். அந்த வாரப் புதன்கிழமைக் கட்டத்தில் பளிச்சென்று பச்சை டிக்.

"காலேப். காய்ச்சல்ல வீட்டுல படுத்திருந்த நாளைக்கு உங்க ரிப்போர்ட் இவங்களுக்கு டிக் போட்டிருக்கு. நேர்ல போன செவ்வாய்க்கு சிவப்பு."

காலேப் சீட்டை வாங்கிப் பார்த்தான். திரையைப் பார்த்தான். மறுபடி சீட்டைப் பார்த்தான். மூன்று நாளாக அந்தச் சிவப்பு அவன் கண்ணெதிரே இருந்தது. லீவு என்று அவளே சொன்னாள், சிவப்பு ஒன்று இருந்தது, கணக்குச் சரி என்று தாண்டிப் போயிருந்தான். எந்தக் கிழமை என்று கேட்கத் தோன்றவில்லை.

"தொலைக்கிற புரோகிராம்னா வந்த நாளைத் தொலைக்கும்," என்றாள் ஃபரா. "வராத நாளுக்கு டிக்கை எங்கேர்ந்து கொண்டு வரும்? இது தொலைக்கலை. நகர்த்துது. லீவு ஒரு நாள் முன்னால போயிருக்கு. லீவு மட்டும் தனியா நகராது. வரிசை மொத்தமும் நகர்ந்திருக்கு. வியாழன் போனது புதன்ல விழுந்திருக்கு. சனிக்கிழமை போனது வெள்ளியில விழுந்திருக்கு."

"சனிக்கெழமைல வுழ ஞாயித்துக்கெழமை டூட்டி இல்ல," என்றான் டெனிஸ். முதல் தடவையாக அவன் குரலில் கிண்டல் இல்லை. "அதான் காலியா கீது. அப்ப திங்கக்கெழமை எங்க வுழுந்துச்சு?"

"ஞாயிறுல," என்றான் காலேப். அவன் லேப்டாப் பக்கம் எட்டிக் குனிந்தான். "ஞாயிறு வேற ஆள் முறைன்னு ரிப்போர்ட்ல ஞாயித்துக்கிழமைகளை மொத்தமா எடுத்துடுவேன். முதல் வரியே அதுதான்."

"சனிக்கிழமை தொலையவே இல்லை காலேப். தொலைஞ்சது திங்கட்கிழமை. எட்டு திங்கட்கிழமையை நீங்களே ஞாயிறுன்னு நெனச்சுத் தூக்கிப் போட்டிருக்கீங்க. சர்வரைத் திறங்க. ஞாயித்துக்கிழமை தேதி போடுங்க."

அவன் போனிலிருந்து இணைப்புக் கொடுத்து சர்வரைத் திறந்தான். ஞாயிற்றுக்கிழமைகள், மெட்டில்டா. எட்டு வரிகள் வந்து விழுந்தன. ஒவ்வொன்றிலும் தேதிக்குப் பின்னால் நேரம் இருந்தது. இத்தனை நாள் அவன் பார்க்காத நேரம். 'வந்தாரா, இல்லையா' என்பது மட்டும்தானே கேள்வி, நேரம் எதற்கு என்று அவன் புரோகிராம் முதல் பத்து எழுத்தை, அதாவது தேதியை மட்டும் வெட்டிக்கொண்டு மிச்சத்தை எறிந்துவிடும்.

எட்டிலும் நேரம் ஏறக்குறைய ஒன்றுதான். இரவு பதினொன்று இருபதையொட்டி.

"ஞாயித்துக்கெழமை ராத்திரி பதினொண்ணு இருவதுக்கா?" என்றான் டெனிஸ். "அக்கா, தூக்கத்துல ஸ்கூட்டி ஓட்டுவீங்களா?"

"வரியோட கடைசியில ஒரு எழுத்து இருக்கே, பாருங்க," என்றாள் ஃபரா. ஒரு சின்ன ஆங்கில இசட். வெட்டி எறியப்பட்ட துண்டின் வாலில் ஒட்டிக்கொண்டிருந்தது. காலேபுக்கு அதன் அர்த்தம் தெரியும். கம்ப்யூட்டர் படித்த எல்லோருக்கும் தெரியும். இது உள்ளூர் நேரம் அல்ல, கிரீன்விச் நேரம் என்று சொல்லும் அடையாளம் அது. நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால் ஓடுகிறது.

பதினொன்று இருபதோடு ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டினால் விடியற்காலை நாலு ஐம்பது. மறுநாள்.

"எனக்கு ஒண்ணும் புரியலையே தம்பி," என்றாள் மெட்டில்டா.

ஃபரா அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். "வாத்தியார் வீட்டுக் காலண்டரை நீங்க எப்பக் கிழிப்பீங்க? நாலு அம்பதுக்கு. சர்வர்லயும் ஒரு காலண்டர் தொங்குது சிஸ்டர். அந்தத் தாளை நம்ம நேரப்படி காலை அஞ்சரைக்குத்தான் கிழிக்கிறாங்க. நீங்க அஞ்சரைக்கு முன்னாடி போய் நிக்கறீங்க. நமக்கு சனிக்கிழமை விடிஞ்சிருக்கும். அங்க இன்னும் வெள்ளிக்கிழமை தாள் தொங்குது. அதனால உங்க வருகையை வெள்ளின்னு எழுதிக்குது. மத்த பதினோரு நர்ஸும் ஆறு மணி, ஏழு மணிக்குப் போறவங்க. அவங்க போறதுக்குள்ள அங்கயும் தாளைக் கிழிச்சிடறாங்க. ஜூனுக்கு முன்னால நீங்களும் ஏழு மணிக்குப் போனதால பிரச்சினையே இல்லை."

"ஜூன்ல மாறினது என் ஆப் இல்லை," என்றான் காலேப், தனக்குத்தானே சொல்வதுபோல். "அக்காவோட நேரம். நான் மூணு நாளா ஆப்பை உரிச்சுட்டிருந்தேன். எல்லா டெஸ்டும் பத்து மணிக்கு மேல. அம்பது தடவை என்ன, அஞ்சாயிரம் தடவை அழுத்தியிருந்தாலும் பச்சைதான் வந்திருக்கும்."

"அத்தனை பேர்லயும் சீக்கிரமா எழுந்தவங்க இவங்க ஒருத்தர்," என்றாள் ஃபரா. "உங்க ரிப்போர்ட் மட்டம் போட்டதாச் சொன்னதும் இவங்களைத்தான்."

மெட்டில்டா கிளினிக் சீட்டை வாங்கி, பழைய மடிப்பிலேயே நான்காக மடித்தாள். "அப்ப நான் போனேன்," என்றாள். கேள்வியாக இல்லை. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உங்க மேல தப்பில்ல தம்பி. நல்லதுக்குத்தான பண்ணீங்க," என்றாள்.

அவள் திட்டியிருந்தால் காலேப் தாங்கியிருப்பான்.

முன்னால் ஒரு புறாக்கூண்டு வழிவிட்டது. டெனிஸ் ஹாரனை அழுத்தினான். "புடிச்சுக்கோங்க. இந்த வண்டியும் அஞ்சர மணி நேரம் லேட்டாப் போனா அப்புறம் என் பேரு டெனிஸே இல்ல."

*

நான்கு அடிக்க ஐந்து நிமிடத்துக்குக் குரோம்பேட்டை ஆபீஸ் படியேறினார்கள். சாலமன் மேஜையில் ரிப்போர்ட்டின் பிரின்ட் தயாராக இருந்தது. பக்கத்திலேயே டைப் செய்த இன்னொரு தாள். அதில் மெட்டில்டாவின் பெயரைக் காலேப் தலைகீழாகவே படித்துவிட்டான்.

"கதை எதுவும் வேண்டாம் காலேப். மெஷின் சொல்றதுக்கு மேல எனக்கு ஒண்ணும் வேண்டாம்," என்றார் சாலமன்.

"மெஷினையே சொல்ல வெக்கறேன் சார். ரெண்டு நிமிஷம் குடுங்க."

லேப்டாப்பில் அவன் புதிதாக ஒன்றும் எழுதவில்லை. ஒரு வரியைச் சேர்த்தான், ஒரு வரியை இடம் மாற்றினான். ரிப்போர்ட்டை மறுபடி போடும் பொத்தானைத் தட்டினான். திரை ஒரு கணம் வெறுமையானது. தப்பாகப் போனால் இனிச் செய்ய ஒன்றுமில்லை.

சனிக்கிழமைப் பத்தி மேலிருந்து கீழே பச்சையாக இறங்கியது. ஒன்று, இரண்டு, எட்டு. செவ்வாய்க்கிழமைச் சிவப்பு மறைந்து, புதன்கிழமையில் ஒரு சிவப்பு வந்து உட்கார்ந்தது.

மெட்டில்டா கிளினிக் சீட்டை அந்தப் புதன்கிழமைக்குப் பக்கத்தில் வைத்தாள். சாலமன் சீட்டையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு டைப் செய்த தாளை எடுத்து இரண்டாகக் கிழித்தார். மன்னிப்பு என்ற வார்த்தை அவர் வாய்வரை வந்து நின்றுவிட்டது. "ஜெபத்துக்குப் போறதா நான் சொன்னதை மனசுல வெச்சுக்காதீங்க சிஸ்டர்," என்பதோடு முடித்துக்கொண்டார்.

ஃபரா ஜெனிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். விஷயத்தைச் சொன்னாள்.

"அப்ப அப்பா முதுகுப் புண்ணு எதனால சிஸ்டர்?"

"பதினாலு மாசப் படுக்கைம்மா," என்றாள் மெட்டில்டா. "ஒரு நாளைக்கு ஒரு தடவை நான் பொரட்டிப் போட்டா போதாது. நானும் சாருகிட்ட ரெண்டு தடவை சொல்லிட்டேன், காத்து மெத்தை வேணும்னு. என்னாலயும் ஒண்ணும் பண்ண முடியல."

மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "நாளைக்கு சனிக்கிழமை. நான் டியூட்டியில இருப்பேன். வருவீங்களா?"

"நாலு அம்பதுக்கு."

"வியாழக்கிழமை தாள் இன்னும் அப்படியே தொங்குது. ரெண்டு தாளாக் கிழிக்கணும்."

டெனிஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். கண்ணில் சந்தைத் தூசி விழுந்துவிட்டதாகச் சொன்னான். யாரும் அவனைக் கேட்கவில்லை.

சாலமன் ஒரு நோட்டைக் காலேப் பக்கம் தள்ளினார். "என்ன தப்பு, என்ன மாத்தினேன்னு எனக்குப் புரியற மாதிரி எழுதிக் கையெழுத்துப் போடு. மறுபடி யாராவது இதே மாதிரி வந்து நின்னா நான் எதைப் பார்க்கிறது?"

காலேப் பேனாவைத் திறந்தான். மூன்று நாளும் ஒரு பெண்ணின் இருபத்தைந்து வருட நல்ல பெயரும் ஆறு வரியில் அடங்கிவிட்டன. அவன் எழுதினான்:

'சர்வர் எல்லா நேரத்தையும் கிரீன்விச் நேரத்தில் வைத்திருக்கிறது. நான் அதிலிருந்து தேதியை அப்படியே வெட்டி எடுத்தேன். அதனால் காலை ஐந்தரைக்கு முன் வந்தவர்களின் வருகை முந்தின நாளில் விழுந்தது. இப்போது முதலில் நேரத்தை இந்திய நேரத்துக்கு மாற்றுகிறேன். அதன்பிறகே தேதியை வெட்டுகிறேன், ஞாயிறை நீக்குகிறேன். இனி விடியற்காலை நாலு ஐம்பதுக்கும் ஒரு தடவை சோதித்துப் பார்த்த பிறகுதான் எந்த ரிப்போர்ட்டையும் கொடுப்பேன்.'